ஏற்காட்டு ரிசார்ட்டை விட ஒரு போன் கால் பெரியதா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் ஐடி வேலையில் இருப்பவர், கல்யாணமாகி ஆறு வருடம். திருமண நாளுக்கு மனைவிக்குத் தெரியாமல் ஏற்காட்டில் ரூம் போட்டு, கேக், பலூன், மோதிரம் என்று தடபுடலாக ஏற்பாடு செய்திருக்கிறார். மனைவி நன்றி சொன்னார், போட்டோவுக்குச் சிரித்தார், அவ்வளவுதான். இரவு கிளறிக் கேட்டதும் வந்த பதில்: "எங்க அப்பாவுக்கு பைபாஸ் நடந்த அன்னைக்கு ஒரு போன் கூட பண்ணலையே நீங்க." அது நடந்து நான்கு மாதமாகிறது. ஆபரேஷன் மதுரையில். மனைவியின் அண்ணன்கள் இருவரும் கூடவே இருந்தார்கள். இவருக்கு அன்று ஆபீஸில் ரிலீஸ், அதாவது சாஃப்ட்வேரை வெளியிடும் நாள். "இவ்வளவு செலவு செய்தது கண்ணில் படவில்லை, ஒரு போன் காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். இது நியாயமா?" என்பதுதான் கேள்வி.

நியாயம்தான். இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும் தெரிகிறது. ஆனால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். திருமண நாள் என்றைக்கு வரும் என்பது ஒரு வருடம் முன்பே தெரியும். லீவு சொல்லி, ஆஃபர் பார்த்து, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆபரேஷன் நாளை நீங்களும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது வந்து உங்கள் ரிலீஸ் நாளின் தலையில் விழுந்தது. நமக்குத் தோதான நாளில் நாம் அன்பைக் காட்டுகிறோம். அவர்களோ தங்களுக்குத் தேவைப்பட்ட நாளில் அதைத் தேடியிருப்பார்கள். குடும்பநல ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களின் மனத்தாங்கல்களில் முக்கால்வாசி இந்த இரண்டு நாட்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. பிரசவ வலி வந்த இரவு, வேலை போன மாதம், அம்மாவின் பதினாறாம் நாள் காரியம், இதிலெல்லாம் யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று பல வருடம் கழித்தும் வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். மூன்றாவது திருமண நாளுக்கு என்ன வாங்கித் தந்தார் என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள்.

பைபாஸ் நடக்கும் தியேட்டருக்கு வெளியே நீங்கள் காத்திருந்ததுண்டா என்று தெரியாது. காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனால், வெளியே வர மதியம் தாண்டிவிடும். அதற்குள் பத்துத் தடவையாவது கதவு திறக்கும். ஒவ்வொரு முறையும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எல்லாக் குடும்பமும் எழுந்து நிற்கும். "பேஷன்ட் அட்டெண்டர் யாரு?" என்று நர்ஸ் கேட்பது பெரும்பாலும் ஃபார்மசி சீட்டைக் கொடுக்கத்தான், ஆனால் அது காதில் விழும் அந்த ஒரு நொடியில் வயிறு கலங்கும். மற்ற நேரம் முழுக்கக் கையில் போன்தான். சும்மா இருக்காது, அடித்துக்கொண்டே இருக்கும். பெரியம்மா, சித்தப்பா, மாடி வீட்டு அக்கா, காலேஜில் கூடப் படித்தவள், ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறை திரை ஒளிரும்போதும் வருகிற பேரைப் பார்ப்போம். உங்கள் மனைவி அன்று அத்தனை பேரையும் பார்த்தார். "மாப்பிள்ளை பேசினாரா?" என்று அவருடைய அம்மா ஒரு தடவையாவது கேட்டிருப்பார். அதற்கு அவர் என்ன பொய் சொல்லிச் சமாளித்தார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்.

"அண்ணன்கள் இருந்தார்களே" என்கிறீர்கள். வேலைகளைச் செய்ய ஆள் இருந்தது, சரி. பயத்துக்கு? 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். திருமணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் லேசான ஷாக் வரலாம் என்று எச்சரித்தார்கள். ஒரு முறை தனியாக, ஒரு முறை முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை கணவர் கையைப் பிடித்துக்கொண்டு. யார் கையாக இருந்தாலும் பதற்றம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் கணவர் கையைப் பிடித்திருந்தபோதுதான் ஆபத்தை எதிர்கொள்ளத் தயாராகும் மூளைப் பகுதிகள் நன்றாக அடங்கின. கல்யாண வாழ்க்கையில் நிறைவாக இருந்த பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. பதினாறு பேர் என்பது சின்னக் கூட்டம்தான், அதை வைத்து உலகத்தையே அளக்க வேண்டாம். இருந்தாலும் நம் ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது. எத்தனை பேர் சுற்றி நின்றாலும் ஓர் ஆள் குறைந்தால் குறைந்ததுதான்.

நீங்கள் கூப்பிடாததற்கு அலட்சியம் காரணமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, பதற்றத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்வானேன், முடிந்ததும் மச்சான் சொல்வார், இப்படி ஏதாவது ஓடியிருக்கும். ஆண்கள் பலருக்கும் ஓடுவதுதான். 2022இல் பெக்கி லியூவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கண்டது இதற்குப் பொருந்தும். ஒருவரைச் சும்மா நலம் விசாரித்துத் தொடர்பு கொள்வதை, எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு மதிப்பார் என்பதைக் கூப்பிடுகிறவர்கள் தொடர்ந்து குறைத்தே கணிக்கிறார்கள். நாம் "என்னத்தை பெருசா" என்று நினைக்கிற அழைப்பு, வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. அன்று உங்களிடம் பேச ஒன்றும் இருந்திருக்க வேண்டாம். "ஏதாச்சும் சொன்னாங்களா? நீ சாப்பிட்டியா? நான் லைன்லயே இருக்கேன்" போதும்.

பெரிய நாட்களைப் பற்றி இவ்வளவு போதும். அவை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது, "எனக்கு ரொமான்ஸ் வராது, அது அவளுக்கே தெரியும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி. அதனால் சாதாரண நாட்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற பேராசிரியர் ஒரு சின்ன அபார்ட்மென்டையே ஆய்வுக்கூடமாக அமைத்திருந்தார். புதிதாக மணமானவர்களை அங்கே தங்க வைத்து, சமைப்பது, பேப்பர் படிப்பது, ஜன்னலை வேடிக்கை பார்ப்பது எல்லாவற்றையும் கேமராவில் பதிவு செய்தார்கள். அவர் கவனித்தது முத்தங்களையோ சண்டைகளையோ மட்டும் இல்லை. ஒருவர் ஏதோ சொல்லி மற்றவரின் கவனத்தைக் கூப்பிடுவார். மற்றவர் திரும்புகிறாரா, கேட்காத மாதிரி இருக்கிறாரா, எரிந்து விழுகிறாரா என்று எண்ணினார்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த தம்பதிகள் நூற்றுக்கு 86 தடவை திரும்பியவர்கள், பிரிந்துபோனவர்கள் 33 தடவை மட்டுமே திரும்பியவர்கள் என்று காட்மன் எழுதுகிறார். சதவீதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் எதை எண்ணினார்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் அந்த அழைப்பு எப்படி வரும்? "இந்தப் பால்காரர் இன்னைக்கும் தண்ணி ஊத்திட்டாருங்க." ஏழு மணி, நீங்கள் சோபாவில் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. இதற்கு "வேற ஆள் மாத்திடு" என்று தலையைத் தூக்காமல் பதில் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் பால்காரரை மாற்ற உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. நாள் முழுக்க எதிர்ப்படுகிற ஆயிரத்தில் ஒன்றை உங்களிடம் கொண்டுவந்து வைத்தார். எழுந்து போய் டம்ளரை எட்டிப் பார்த்து, "அட ஆமா, இது பாலா மோரா?" என்று கேட்டால் ஒரு நிமிடம் கூட ஆகாது. அப்புறம் அங்கேயே நின்று இரண்டு வார்த்தை பேசுவீர்கள். அடுத்து அவருடைய ஆபீஸ் விஷயம் வரும். அதற்கு அடுத்து, எப்போதாவது, மனதில் கிடக்கும் நிஜ விஷயம் வரும். பால் விஷயத்துக்குத் திரும்பாதவரிடம் யாரும் பெரிய விஷயத்தைக் கொண்டுவருவதில்லை. "அவ எங்கிட்ட எதுவுமே சொல்றதில்ல சார்" என்று புலம்பும் கணவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக அவர் சொன்ன உப்புச்சப்பில்லாத விஷயம் என்ன, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதுதான். பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது.

நல்ல செய்தி வரும் நேரத்தைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். கஷ்டத்தில் கூட இருந்தால் போதும் என்று நமக்கு ஓர் எண்ணம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004இலும் 2006இலும் வெளியிட்ட ஆய்வுகளைப் பார்த்தால் அது மட்டும் போதாது என்று தெரிகிறது. துணைவர் நல்ல செய்தி சொல்லும்போது நாம் நடந்துகொள்ளும் விதம், அந்த உறவு எப்படி இருக்கிறது என்பதோடு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது. சில அம்சங்களில், கெட்ட செய்திக்கு நாம் காட்டும் ஆறுதலை விடவும் கூடுதலாக.

இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். "இன்னைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினாங்க" என்று மனைவி சொல்கிறார். ஒரு கணவர், "அப்படியா, நல்லது" என்று செய்தி பார்க்கப் போய்விடுவார். இன்னொருவர், "அப்போ இனிமே இன்னும் லேட்டாத்தான் வருவேன்னு சொல்லு" என்பார். அவர் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் விளக்கு அணைந்திருக்கும். மூன்றாவது ஆள், "யாரு சொன்னாங்க? என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லு. அந்த மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கற ஆளு அப்போ என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்பார். அந்த மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் ஆளைப் பற்றி மூன்று வாரம் முன்பு அவர் சொன்னதை இவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடுகிறது. பூங்கொத்து வாங்கிக் கொடுத்தாலும் இந்த இடத்தைப் பிடிக்காது.

சொந்தக்காரர்கள் முன்னால் வரும் சில நொடிகள் நம் குடும்பங்களுக்கே உரியவை. இதைப் பற்றி வெளிநாட்டு ஆய்வுகளில் தேடினால் அதிகம் கிடைக்காது. ஒரு வளைகாப்பு வீட்டில் பந்தி நடக்கிறது. அத்தை ஒருவர் உங்கள் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன இப்படி இளைச்சுப் போச்சு? அம்மா வேலைக்குப் போனா இப்படித்தான்" என்கிறார். உங்கள் மனைவி இலையைப் பார்க்கிறார். நீங்களும் இலையைப் பார்க்கிறீர்கள். ராத்திரி ரூமுக்கு வந்து, "அத்தை பேசினது தப்புதான், விடு" என்கிறீர்கள். அதே கருத்துதான், அதே மனசுதான், ஆனால் அதற்குள் ஆறு மணி நேரம் கெட்டுப்போய்விட்டது. அந்தப் பந்தியிலேயே சிரித்துக்கொண்டே, "காலையில ஊட்டிவிடறது நான்தான் அத்தை, திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றிருந்தால் அத்தையும் கோபித்துக்கொள்ள மாட்டார், சாம்பாரும் ஆறியிருக்காது. பெரியவர்களை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. பழியைப் பாதி உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். (உண்மையில் காலையில் நீங்கள் ஊட்டிவிட்டிருந்தால்தான் இந்த வசனம் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சாப்பாடு என்றதும் குறுந்தொகையின் 167ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. கூடலூர் கிழார் பாடியது. கல்யாணமாகிப் போன பெண் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்வது போல அமைந்தது. அந்தப் பெண் தயிரை விரலால் பிசைகிறாள், கையை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு அதை மாற்றக்கூட நேரமில்லாமல் நிற்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அத்தனை பாடுபட்டு ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று", அதாவது கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு மலர்ந்தது. கணவன் செய்ததெல்லாம் சாப்பிடும்போதே சொன்னதுதான். மறுநாள் சொல்லவில்லை, விருந்தாளி கேட்டபிறகு சொல்லவில்லை. இந்தப் பாட்டை நான் உருகி உருகிச் சொன்னபோது என் மனைவி, "அவன் ஒரு கை தயிர் பிசைஞ்சு குடுத்திருக்கலாம்ல" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

அவள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். "ஈடுபடும்" என்பதைக் கவனியுங்கள். பெண்களில் 100க்கு 81 பேர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26 பேர்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்த்துவிட்டு, அதைக் காதல் கணக்கில் எழுதாதீர்கள். அது வீட்டுக் கணக்கு. அவர் வீட்டில் நீங்கள் தங்கியிருந்து உதவி செய்யவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து குடியிருக்கிறீர்கள். காதல் கணக்கில் வருவது வேறு. அன்று உங்கள் முறை இல்லை, அவருடைய முறை. ஆனால் தலைவலியோடு வண்டியை நிறுத்துவது சத்தத்திலேயே தெரிகிறது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் குக்கர் வைத்தாகிவிட்டது என்றால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படிச் செய்ததைச் சொல்லிக் காட்டலாமா? இதற்கும் நேரம் உண்டு. நியால் போல்ஜரும் சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினமும் தனித்தனியாகக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். இன்று ஆதரவு கொடுத்தீர்களா, இன்று ஆதரவு கிடைத்ததா என்று இருவரிடமும் கேள்வி. துணைவர் "கொடுத்தேன்" என்று எழுதி, படிக்கிறவர் அதைக் கவனிக்காமலே போன நாட்களில்தான் ஆதரவு நன்றாக வேலை செய்தது. உதவி பெறுகிறோம் என்று உறைத்தால், நம்மால் முடியவில்லையோ என்ற எண்ணமும் கூடவே ஏறிக்கொள்கிறது போலும். வங்கித் தேர்வோ, துறைத் தேர்வோ மனைவி எழுதும்போது, "நான் பாத்துக்கறேன், நீ படி, கவலப்படாத" என்று அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொல்கிறவரை விட, குழந்தையைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் பார்க்குக்குப் போகிறவர் புத்திசாலி. தேர்வன்று காலை ஸ்கூட்டியில் பெட்ரோல் இருக்கும், ஹால் டிக்கெட் பிரின்ட் எடுத்து மேஜை மேல் இருக்கும். யார் செய்தது என்று கேள்வியே வராது.

ஆனால் இதையே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக்குப் பொருத்திவிடாதீர்கள். "நான் பின்னாலிருந்து இன்சூரன்ஸ் வேலையெல்லாம் பார்த்தேனே" என்று சில கணவர்கள் சொல்வார்கள், நீங்களும் பார்த்திருக்கலாம். என் அனுபவத்தில் இதை இப்படிப் பிரித்துக்கொள்வது உதவும்: அவர் தன் திறமையைக் காட்ட வேண்டிய நேரத்தில் நாம் கண்ணில் படாமல் இருப்பது நல்லது, அவர் பயந்திருக்கும் நேரத்தில் கண்ணில் படுவது நல்லது. பயத்தில் இருப்பவருக்கு மறைவாகச் செய்த உதவி, செய்யாத உதவிதான்.

பூ, பரிசெல்லாம் வீணா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த மாதிரிப் பதில்களைப் படித்துவிட்டு "ஆக, கிஃப்ட் தேவையில்லை" என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்காகவே சொல்கிறேன். பிரான்செஸ்கா ஜினோ, ஃபிராங்க் ஃப்ளின் என்ற ஆய்வாளர்கள் 2011இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நாமே யோசித்து வாங்கும் பரிசைத்தான் மற்றவர் அதிகம் மெச்சுவார் என்று கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள். வாங்குபவர்களோ, தாங்கள் கேட்டதையே கொடுத்தால்தான் அதிகம் மெச்சுகிறார்கள். உங்கள் மனைவி எப்போதாவது எதையாவது வாய்விட்டுக் கேட்டிருந்தால், "கேட்டு வாங்கித் தருவதில் என்ன இருக்கிறது" என்று கௌரவம் பார்க்காமல் அதையே வாங்குங்கள். பூ கேட்டால் பூ. பிப்ரவரி 14க்கு ஓசூர் ரோஜா விலை ஏறுவது ஊரே ஒரே நாளில் வாங்குவதால்தான். மல்லிகைக்கு வேறு கணக்கு. மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது, "இந்த விலைக்கு யார் வாங்குவா" என்று அவரே கடையைத் தாண்டி நடந்திருப்பார். அன்று சாயங்காலம் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போங்கள். விலையைக் கேட்டுத் திட்டுவார். திட்டிக்கொண்டே வைத்துக்கொள்வார்.

அன்பைக் காட்டும் விதங்களை ஐந்தாகப் பிரித்து, காதல் மொழிகள் ஐந்து என்று ஒரு பட்டியல் சமூக ஊடகங்களில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். "எனக்குச் சேவைதான் மொழி, அவளுக்குச் சொல்தான் மொழி" என்று ஜாதகப் பொருத்தம் மாதிரி பேசுகிறார்கள். பேச்சை ஆரம்பிக்க அது உதவுமானால் சரி. ஆனால் எமிலி இம்பெட்டும் சக ஆய்வாளர்களும் 2024இல் இருக்கிற ஆதாரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முதன்மை மொழி உண்டு என்பதற்கோ, மொழி ஒத்துப்போனால் வாழ்க்கை இனிக்கும் என்பதற்கோ வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஜுரத்தில் கிடக்கும்போது எல்லாருடைய மொழியும் ரசம் சாதம்தான். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்த இரவில் எல்லாருக்கும் சொல் வேண்டும், சில சமயம் சொல் வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். நாளும் நேரமும் மாறினால் மொழியும் மாறும்.

சரி, நேரத்தை எப்படிப் பிடிப்பது? "எனக்கு இயல்பா வராது" என்பவர்களுக்குத்தான் இது. இயல்பாக வராவிட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக கேலண்டரில் கிளையன்ட் கால் எல்லாம் போடுகிறீர்கள்தானே? மனைவியின் அப்ரைசல் எந்த வாரம், அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷன் எந்தத் தேதி, தோழி வெளிநாடு கிளம்பும் நாள், இறந்துபோன பாட்டியின் திதி, பிரசவ லீவு முடிந்து முதல் முறையாக வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமை, எல்லாம் அதே கேலண்டரில் ஏறட்டும். மாதவிடாய் நாட்களும்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த நாட்களில் அறிவுரை சொல்லாமல் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைக்க ஒரு ஞாபகம் வேண்டும், அவ்வளவுதான். ரிமைண்டர் வைத்து அன்பு காட்டுவது போலி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஞாபகம் வைத்திருக்க மெனக்கெட்டார் என்பதும் அவருக்குச் சேர்வதுதான். ஒன்று மட்டும்: ரிமைண்டர் அடித்ததும் "ஆல் தி பெஸ்ட்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். சாயங்காலம் "என்ன ஆச்சு?" என்று கேட்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. காலையில் வாழ்த்தியவர் பத்துப் பேர் இருப்பார்கள், முடிந்தபின் கேட்பவர் இரண்டு பேர் இருந்தால் அதிசயம்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. உங்கள் ரிலீஸ் நாளில் அவர் உங்களிடம் எப்படி இருந்தார் என்று கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதை இன்னொரு நாள் கேளுங்கள். அப்பாவின் ஆபரேஷனுக்குப் பதிலாக அதை மேஜையில் வைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு. அவர் நான்கு மாதம் கழித்தாவது வாய்விட்டுச் சொன்னது உங்கள் நல்ல காலம். சொல்லாமலே குளிர்ந்துபோகிறவர்கள் நிறைய. அந்தப் பேச்சை நீங்களே மறுபடி எடுங்கள். குழந்தை தூங்கிய பிறகு, போன் வேறு அறையில் இருக்கும்போது. "அன்னைக்கு நான் கூப்பிட்டிருக்கணும்" என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் "ஆனா ரிலீஸ்" என்று தொடங்கினால் முன்னால் சொன்னதும் அழிந்துவிடும். ஏற்காட்டை இழுக்கவே வேண்டாம். அப்புறம், "அந்த நாள் எப்படிப் போச்சுன்னு சொல்லு" என்று கேளுங்கள். நீளமாகச் சொல்வார். இடையிடையே நீங்கள் பேர் கூடக் கேள்விப்படாத சொந்தக்காரர்கள் வருவார்கள், மருந்துச் சீட்டு வரும், கேன்டீன் காபி வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பைபாஸ் ஆனவருக்கு ரிவியூ செக்கப் தொடர்ந்து இருக்கும். அடுத்தது எப்போது என்று கேட்டு, அந்தத் தேதிக்கு லீவு போட்டுவிட்டு மதுரைக்கு இரண்டு டிக்கெட் எடுங்கள். மாமனாரை வண்டியில் ஏற்றி இறக்குவது, டோக்கன் வாங்குவது, எக்கோ ரிப்போர்ட்டுக்கு நிற்பது எல்லாம் உங்கள் வேலையாக இருக்கட்டும், மச்சான்கள் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே அவருக்கு நேராக ஒரு போன் போட்டு, நடைப்பயிற்சி எப்படிப் போகிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று விசாரியுங்கள். மனைவி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மாமனாரே மகளிடம் சொல்லிவிடுவார்.